வந்தவர்கள், போனவர்கள், போக மறுப்பவர்கள்

இல்லை, வயிற்றால் அல்ல. இதயம்.

உள்ளே வரும் வழியில் ஏழு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முப்பத்தொரு வருடம் ஊரார் குடலையெல்லாம் பார்த்த டாக்டர் தன் குடலைப் பார்க்காமல் விட்டுவிட்டாரோ என்று ஓர் ஆவல். ஏமாற்றத்துக்கு மன்னிக்க வேண்டும். அவருடைய குடல் கடைசிவரை முதல் தரம். நின்றுபோனது இதயம். அந்த உறுப்பின் மேல் அவருக்கு என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை. "அது ஒரு பம்பு. அதுக்கு ஒரே வேலை. அதுக்குப் போய் எத்தனை கவிதை!" என்பார். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் அது பழிவாங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

வணக்கம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! அறுவைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கும் டாக்டரின் கணவர் அவர்களே! செவிலியர்களே, ஊழியர்களே! கடைசி வரிசையில் கதவை ஒட்டி இடம் பிடித்திருக்கும் நோயாளிகளே! கதவுப் பக்கம் உங்களுக்கு ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம். இன்று அவருக்காக வந்திருக்கிறீர்கள். நடுவில் எழுந்து போனால் அவர் தவறாக நினைக்க மாட்டார்.

நான் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவள். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டு, அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்து அனுப்புவார். நான் அதைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவேன். இங்கே இருக்கும் பலரின் முகம் எனக்குப் பழக்கமில்லை. உட்புறம் பழக்கம்.

என்னை அவர் "கண்ணாடி" என்றுதான் கூப்பிட்டார். ஆறு வருடம். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் அவர் தங்களுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்தார் என்றார்கள். எனக்கு அவர் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் அவருடைய மாணவி அல்ல. திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். எழுதியதைத் திருப்பி அனுப்பினார், திருத்தியதைத் திருப்பி அனுப்பினார், திருத்தியதைத் திருத்தியதையும் திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரை எல்லோரும் படித்துவிட்டீர்கள். படிக்காதது மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். பெருந்தன்மை. ஆனால் மறைத்துப் பயனில்லை. 'புண்ணாற்றிய தாயே' என்று எழுதிக் கொடுத்தோம். அச்சடித்தவருக்கு நடுவில் கை தடுக்கிவிட்டது. 'புண்ணாக்கிய தாயே' என்று வந்திருக்கிறது. இரண்டரை அடி உயர எழுத்தில்! காலையில் பார்த்ததும் கழற்ற ஏணி கேட்டோம். டாக்டரின் கணவர்தான் தடுத்தார்.

"இருக்கட்டும்மா. அவ பார்த்திருந்தா ரெண்டு நாள் சிரிச்சிருப்பா."

"பார்க்கிறவங்க என்ன சார் நினைப்பாங்க?"

"சரியாத்தான் நினைப்பாங்க. முப்பது வருஷமா குடல்ல கிள்ளிக்கிட்டேதானே இருந்தா."

உண்மை. புண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு சின்னப் புண்ணைப் போட்டாக வேண்டும். எங்கள் தொழிலின் வெளியில் சொல்லாத சங்கதி அது. அச்சகம் சொல்லிவிட்டது.

அவரை ஊர் எப்படி அழைத்தது? 'ஆறட்டும் டாக்டர்'! பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசற்காவலருக்கே தெரியாது. எதைக் கேட்டாலும் ஆறட்டும். மருந்து மாற்றலாமா டாக்டர்? ஆறட்டும். குழாய் விட்டு மறுபடி பார்க்கலாமா? ஆறட்டும். தலைமைச் செவிலிக்கும் சமையலறைக்கும் சண்டை, நீங்கள் பஞ்சாயத்துச் செய்ய வேண்டும். ஆறட்டும். தேநீர் வந்து அரை மணி நேரம் ஆகிறது, டாக்டர். "ஆறட்டும்மா." அது எப்போதோ ஆறி, மேலே ஆடை படிந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். சூடானது குளிர்ந்தால் ஆறியது என்கிறோம். புண் மூடினால் ஆறியது என்கிறோம். கோபம் தணிந்தாலும் அதே சொல். இன்று இந்த மண்டபத்துக்கு நாம் எதைச் சொல்ல வந்தோம்? ஆறுதல். ஆனால் அவர் ஒரு வேறுபாட்டை விடவே மாட்டார். புண்ணை ஆற்றினேன் என்று எந்த மருத்துவர் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. "யாரு நீ ஆத்தறதுக்கு? அதுவா ஆறுது. நீ கைய வெக்காம இருந்தா போதும்." இதை அறுவை மருத்துவரின் முகத்துக்கு நேராகவே சொல்வார். சார், சிரிக்கிறீர்கள். அன்று சிரிக்கவில்லை.

அவருடைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

குடலின் உட்சுவர் எவ்வளவு தடிமன்? ஒரு செல். ஒன்றே ஒன்று! ஒரு வீட்டின் சுவரைக் காகிதத்தில் எழுப்பிய மாதிரி. அந்தப் பக்கம் கோடி கோடியாய்க் கிருமிகள். தின்கின்றன, பெருகுகின்றன, குடித்தனம் நடத்துகின்றன. இந்தப் பக்கம் நம் உடம்பின் காவல்படை கண்ணிமைக்காமல் நிற்கிறது. நடுவில் அந்தக் காகிதம். சண்டை இல்லை. காலை உணவு வருகிறது, மதிய உணவு வருகிறது, சண்டை இல்லை. "இவ்வளவு அமைதியான எல்லை இந்த உலகத்துல எங்கயும் கிடையாது கண்ணாடி. யாரும் இதுக்கு ஒரு மாலை போடல" என்பார்.

காகிதம் எங்காவது கிழிந்தால்? முதலில் ஓடிவருவது ஒரு வகை வெள்ளணு. கண்மண் தெரியாமல் வருவார்கள். கிருமிக்கும் அடி, பக்கத்தில் சும்மா நின்றவனுக்கும் அடி. ஒன்றிரண்டு நாளில் செத்துவிடுவார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள நல்ல குணம். சில குடலில் அதுவும் பயன்படாது; ஒருவர் சாக அதே வகை இன்னொருவர் வந்து, கூட்டம் கலையாமலே நிற்கும். அடுத்து வருபவர்கள் பெருக்கித் துடைப்பவர்கள். செத்தவர்களை விழுங்குவார்கள், போதும் கலையுங்கள் என்று குரல் கொடுப்பார்கள். அப்புறம் கட்டுபவர்கள். கடைசியில், புண்ணின் ஓரத்தில் இருக்கும் செல்கள் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, வெறுந்தரையின் மேல் ஊர்ந்து வரும். ஒற்றை வரிசை. நுண்ணோக்கியில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. அதைப் பார்த்தால் புண் மூடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த மொத்த அமளிக்கும்தான் அழற்சி என்று பெயர். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. நாம் அதை நோய் என்கிறோம். அவர் "வேலை நடக்குது" என்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஓர் அறிக்கையில் 'கடுமையான அழற்சி' என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அறிக்கையும் அவரும் என் மேசைக்கு வந்தார்கள்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"கடுமைன்னா என்ன? தெருவுல கூட்டம்னு வந்து சொல்ற. கல்யாணக் கூட்டமா, அடிதடிக் கூட்டமா?"

"ரொம்பக் கூட்டம் டாக்டர்."

"யாரு வந்திருக்கா? யாரு போயிட்டா? யாரு போகமாட்டேங்கறா? மூணு வரி. எழுது."

அன்றிலிருந்து அச்சடித்த அறிக்கையின் பின்னால் ஒரு மஞ்சள் சீட்டைக் குண்டூசியால் குத்தி அனுப்புவது வழக்கமாயிற்று. வந்தவர்கள், போனவர்கள், போக மறுப்பவர்கள். அறிக்கை நோயாளிக்கு. மஞ்சள் சீட்டு டாக்டரின் கண்ணுக்கு மட்டும். வருடம் போகப்போக என் பேனாவும் கொஞ்சம் நீண்டுவிட்டது. 'பெருக்குபவர்கள் வாசலிலேயே தயங்குகிறார்கள், உள்ளே நிலைமை சரியில்லை' என்றெல்லாம் எழுதத் தொடங்கினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தாரா என்று தெரியாது. இவற்றை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

இனி சொல்லப்போவது மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு தையற்காரரின் கதை. அவர் மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். "ஒண்ணு விடாம சொல்லும்மா" என்றார்.

சட்டை தைப்பவர். எட்டு மாதமாகப் பெருங்குடலில் புண். மருந்தில் கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். அவருடைய அறிக்கையை அன்று கொடுத்தது ஒரு புதிய ஊழியர். குண்டூசியை எடுக்கவில்லை. மஞ்சள் சீட்டோடு அவர் கையில் கொடுத்துவிட்டார்.

சீட்டில் நான் எழுதியிருந்தது இது. 'வந்தவர்கள்: திரளாக. போனவர்கள்: யாருமில்லை. போக மறுப்பவர்கள்: முதலில் வந்தவர்களேதான். எட்டு மாதமாக இடத்தை விட்டு நகரவில்லை. உள்ளே இருப்பதையெல்லாம் தின்கிறார்கள். வீட்டுக்குச் சேதம்.'

தையற்காரர் வீட்டில் அவர் மனைவியின் தம்பி தங்கியிருந்தார். வேலை தேடி வந்தவர். வந்து எட்டு மாதம்.

சீட்டை மனைவி படித்தார். பிறகு தம்பி படித்தார். பிறகு நடந்ததை மனைவி அப்படியே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"மாமா, வைத்தியம் பார்க்கப் போனீங்களா, என்னைப் பத்தி வம்பு பேசப் போனீங்களா?"

"டேய், நான் எதுவும் சொல்லலடா."

"சொல்லாமதான் எட்டு மாசம்னு கணக்கா எழுதியிருக்காங்களா? தின்கிறாங்கன்னு வேற! ஆஸ்பத்திரி முழுக்க என் சாப்பாட்டுப் பேச்சுத்தானா?"

அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பர் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அந்த அம்மா என் அறைக்கு வந்தார். கையில் மஞ்சள் சீட்டு.

"யாரு இதை எழுதினது?"

இரண்டாவது முறையாக அதே கேள்வி. இந்த முறை உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. நல்லவேளை, சத்தம் கேட்டு டாக்டர் இறங்கி வந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மாவை என் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"உங்க தம்பி இல்லம்மா. இது உங்க வீட்டுக்காரர் குடலுக்குள்ள இருக்கிற கூட்டம்."

"குடலுக்குள்ள யாரு டாக்டரம்மா கூட்டம் போடுறது?"

"காவல்காரங்க. காயம்னு சத்தம் கேட்டு ஓடிவந்தவங்க. வந்தது தப்பில்ல. வேலை முடிஞ்சும் போகல. இப்ப காவல்காரனே வீட்டை இடிக்கிறான்."

"வந்தவங்களுக்குப் போகத் தெரியாதா?"

"அதாம்மா நோய்."

அந்த அம்மா சீட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை படித்தார்.

"அப்ப தம்பிய எழுதினதா நினைச்சதுலயும் பெரிய தப்பில்ல."

என் வேலை அன்று போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை? நிர்வாகம் விசாரணை கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு டாக்டர் எழுதிய பதில் ஒரே வரி. 'சீட்டு எழுதச் சொன்னது நான். எழுதியது சரி.' அவ்வளவுதான்! குண்டூசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் புதிய ஊழியரும் தப்பித்தார். முன்வரிசையில் அழுதுகொண்டிருப்பவர் அவர்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தையற்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை, ரத்தத்தோடு. வயிறு உப்பியிருந்தது. கூட்டத்தைக் கலைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இப்படிப்பட்ட நிலையில் இரண்டு வழிகள். மருந்து கேட்டால் குடல் பிழைக்கும். கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை போட்டு, கழிவு வெளியே வர ஒரு பை ஒட்ட வேண்டும். தாமதித்தால் குடல் வெடிக்கும். வெடித்தால் ஆள் பிழைப்பது கடினம்.

தையற்காரருக்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயமில்லை. பையைப் பற்றித்தான்.

"ஊரு சட்டைக்கெல்லாம் நான் பை வெச்சேன். எனக்கே பை வெக்கப் போறீங்களா டாக்டரம்மா?"

"ஆறட்டும்யா. பாப்போம்."

"நாள் பூரா குனிஞ்சு மெஷினை மிதிக்கிறவன் நான். அளவெடுக்க ஆளுங்க பக்கத்துல வந்து நிப்பாங்க. நாத்தம் அடிச்சா எவன் நிப்பான்? நீங்க ஆறும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ஆறும்."

அவர் பெயரையே அவரிடம் திருப்பிக் கேட்கிறான் மனிதன். என்ன சொல்வார்?

புதன்கிழமை அறுவை மருத்துவர் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

"மேடம், எடுத்துடலாம்."

"ஆறட்டும் சார்."

வியாழக்கிழமையும் வந்தார்.

"மேடம், வயிறு இன்னும் உப்பியிருக்கு."

"நேத்தைவிட ரெண்டு தடவை கம்மியா போயிருக்கார்."

"போக ஒண்ணும் மிச்சமில்ல மேடம், அதான் கம்மி."

"ஆறட்டும் சார்."

அறுவை மருத்துவர் அன்று மாலை தன் அறையில் உட்கார்ந்து பதினான்கு காரணங்களை எழுதினார். எண் போட்டு. வெள்ளிக்கிழமை டாக்டரை வென்றே தீர்வது என்று. சார், முறைக்காதீர்கள். இதைச் சொல்லலாம் என்று நீங்கள்தான் தலையாட்டினீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் குழாய் விட்டு, உப்பிய குடல் வெடித்துவிடாதபடி காற்றே ஊதாமல், பயந்து பயந்து ஒரு துணுக்கு எடுத்தார். புட்டியை ஊழியரிடம் கொடுக்கவில்லை. தானே கொண்டுவந்தார். அவசரம் என்றாலும் சதையைப் பதப்படுத்திச் சீவ நாலைந்து மணி நேரம் ஆகும். மேலே போகவில்லை. என் அறையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தார். நாலு மணி நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார். மெத்தை விளம்பரம்.

ஒருமுறை மட்டும் பேசினார்.

"கண்ணாடி, உனக்குத் தூக்கம் நல்லா வருதா?"

"வருது டாக்டர்."

"இந்த மெத்தையில இன்னும் நல்லா வருமாம்."

தகடு தயாரானது. நான் கண்ணை வைத்தேன்.

அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்ல? முதலில் வந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். தரை பெயர்ந்திருந்தது. பெருக்குபவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். ஆனால் நான் தேடியது அவர்களை அல்ல. அந்த ஒற்றை வரிசையை. ஊதா நிறக் கோட்டை. புண்ணின் ஓரம் முழுக்கத் தேடினேன். என் பின்னால் செய்தித்தாள் சத்தம் நின்றுவிட்டது. ஓர் இடத்தில், ஓரத்தில், மூன்று செல்கள். தட்டையாக. வரிசை போலவும் இருந்தது, சீவும்போது மடங்கிய மடிப்பு போலவும் இருந்தது. நான் அதைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க அது வரிசையாகிக்கொண்டே வந்தது! ஒரு மனிதன் தன் குடலோடு வீட்டுக்குப் போவதற்கு அந்த மூன்று செல்கள் போதும் என்று தோன்றியது. டாக்டர் மகிழ்வார் என்றும் தோன்றியது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"வரிசை இருக்கா?"

"இருக்கற மாதிரி இருக்கு டாக்டர்."

"இருக்கா? இருக்கற மாதிரி இருக்கா?"

நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணாடி. நான் உன்கிட்ட நல்ல சேதி கேட்க வரல."

தகட்டை நகர்த்தினேன். வேறு சீவலை வைத்தேன். அதே இடம். அந்த மூன்று செல்கள் இல்லை. மடிப்பு.

"இல்ல டாக்டர். வரிசை இல்ல. யாரும் கட்ட வரல."

அவர் செய்தித்தாளை மடித்து, எடுத்த இடத்தில் வைத்தார். எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

அறுவை மருத்துவர் தயாராக இருந்தார். மேசையில் பதினான்கு காரணங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மேடம், முதலாவதாக" என்றார்.

"எடுத்துடுங்க சார்."

"மேடம்?"

"குடலை எடுத்துடுங்க. இன்னைக்கே."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"மன்னிச்சுக்குங்க. இன்னொரு நாள் கேக்கறேன்."

அறுவை மருத்துவரின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் முதல் முறையாக அவர் ஜெயித்திருக்கிறார். சண்டையே இல்லாமல்! பதினான்கு காரணங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறுவை அறைக்கு நடந்தார். யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு நடை.

ரத்தம் தேவைப்பட்டது. அந்த அம்மா தம்பிக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் வந்து நின்றார்.

"மாமாவுக்கு நான் சாப்பிடறதுதான் பிடிக்காது. சாப்பிட்டு ஊறின ரத்தம் மட்டும் வேணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். எடுத்து முடித்ததும் பிஸ்கட் கொடுத்தார்கள். அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று கேட்கிறேன். பொறுத்திருப்பவர் என்று நாம் யாரைப் புகழ்கிறோம்? காத்திருக்கத் தெரிந்தவரையா? அது பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். தன் பெயரே ஒரு சொல்லாகிவிட்ட பிறகு, அந்தச் சொல்லை நம்பி ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல்லைக் கீழே போட யாருக்கு வரும்? அவருக்கு வந்தது! மாடிப்படி ஏறும் நேரத்தில் வந்தது!

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். வெள்ளைச் சீட்டு. 'உறுதிமொழியோடு முடிக்கவும்.' சரி. மற்றவர்கள் அவர் பணியைத் தொடர்வோம், அவர் வழியில் நடப்போம் என்றார்கள். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். என் அறிக்கையில் 'இருப்பது போல் இருக்கிறது' என்று இனி எழுத மாட்டேன். இருந்தால் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை. மூன்று வரியும் தொடரும். குண்டூசியை நானே எடுப்பேன்.

முடிக்கவில்லை. தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அறுவை முடிந்து வெளியே வந்த சார் டாக்டரைத் தனியே அழைத்தார். குடலில் ஓர் இடம் ஈரக் காகிதம் மாதிரி இருந்தது என்றார்; கதவருகே நின்ற எனக்கும் கேட்டது. கை பட்டால் கிழியும். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று தொடங்கி, நிறுத்திவிட்டார். அவரிடம் பதினைந்தாவது காரணம் இருந்தது. சொல்லவில்லை. இந்த மூன்று வருடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சார், அதற்காக உங்களுக்கு என் வணக்கம்.

டாக்டர் நேராக அந்த அம்மாவிடம் போனார். வராந்தாவில் நின்றிருந்தார். தம்பி பக்கத்தில்.

"பிழைச்சுக்குவார். ஆனா நான் நேத்தே சொல்லியிருக்கணும். ஒரு நாள் தாமதம் பண்ணிட்டேன். தப்பு என்னோடதும்மா."

என் அறையில் அவ்வளவு சத்தம் போட்டவர். என்ன வரப்போகிறதோ என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது போகட்டும் டாக்டரம்மா. அவர் கண்ணு முழிச்சதும் என்னைத்தான் கேட்பார். குனிஞ்சா அந்தப் பை கசியுமா? மெஷின் மிதிச்சா கழண்டுக்குமா? பக்கத்துல நிக்கறவங்களுக்கு வாடை வருமா? நான் என்ன சொல்லட்டும்?"

முப்பத்தொரு வருடம். எத்தனையோ பேரை அந்தப் பையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"தெரியலம்மா" என்றார் டாக்டர். "நான் யாரையும் கேட்டதில்ல."

மறுநாள் காலை அவர் செவிலியர் அறைக்குப் போய் அப்படி ஒரு பையைக் கேட்டு வாங்கினார். பாதிக்குத் தண்ணீர் நிரப்பித் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டார். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கும் அறையில் ஒரு மெஷின் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, மதியம்வரை குனிந்து மிதித்தார்.